வீட்ல கைக்குழந்தை இருக்குறவங்க மட்டுமாவது இதை முழுசா படிச்சிடுங்க

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கும், பேரப்புள்ளைங்களை ஸ்கூல் கேட் வரைக்கும் கொண்டு வந்து விடுற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

யூனிஃபார்ம் பத்தியோ காலை சாப்பாடு பத்தியோ இல்ல இந்த லெட்டர், கைக்குழந்தைங்களுக்கு போடுற நிமோனியா தடுப்பூசி பத்தி, வருகைப் பதிவேட்டை புரட்டிட்டு இருந்தப்போ தோணுனது. மழை மாசத்துல நாலாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி தொடர்ந்து எட்டு நாள் வரல. காய்ச்சலா இருக்கும்னு நெனச்சு வீட்டுக்கு ஆள் அனுப்புனா, அவளுக்கு ஒண்ணும் இல்லையாம், ஏழு மாசத் தம்பிக்கு நெஞ்சுல சளி கட்டி நிமோனியான்னு அட்மிட் பண்ணிருக்காங்க, அம்மா ஆஸ்பத்திரியில, அப்பா வேலைக்கு, பாட்டிக்கு சோறு வடிச்சு குடுக்க இவ வீட்ல. ஒன்பது வயசுப் புள்ள! இது மாதிரி லீவு ஒவ்வொரு வருஷமும் நாலஞ்சு பார்க்குறேன், லீவ் லெட்டர்ல மட்டும் "உடல்நிலை சரியில்லை"ன்னு இருக்கும், யாருக்குன்னு இருக்காது.

நிமோனியா வர காரணம் நெறைய இருக்கு, அதுல குழந்தைங்கள ரொம்ப மோசமா தாக்குறது நியூமோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா. அது எங்கயோ வெளியில இருந்து வர்றதில்ல, நம்ம புள்ளைங்க மூக்குலயும் தொண்டையிலயுமே சும்மா குடியிருக்கும், தும்முனா இருமுனா அடுத்தவங்களுக்கு போகும். அதுக்கான ஊசிதான் பிசிவி. இதுக்கு முன்னாடி பிரைவேட் டாக்டர்கிட்ட போனா ஒரு ஊசிக்கே மூவாயிரத்துக்கு மேல ஆகும், அதனால வசதி இருக்குறவங்க மட்டும்தான் போட்டாங்க. 2017ல இமாச்சல், பீகார், உத்தரப்பிரதேசம் பக்கம் அரசாங்கமே இலவசமா போட ஆரம்பிச்சு, 2021ல நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்துடுச்சு. ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒன்பது மாசம், மொத்தம் மூணு ஊசி, பைசா செலவில்ல.

"ஊசி போட்டும்தான் சளி பிடிக்குது டீச்சர்"னு போன கூட்டத்துல ஒரு அம்மா சொன்னாங்க. பிடிக்கும்மா. சளி பெரும்பாலும் வைரஸால வர்றது, இந்த ஊசி அதை தடுக்காது, நான் பொய் சொல்லி உங்கள அனுப்ப மாட்டேன். ஆனா சாதா சளி எப்படி ஆஸ்பத்திரி பெட் வரைக்கும் போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. வைரஸ் முதல்ல வந்து மூச்சுக்குழாயை புண்ணாக்கி கதவைத் திறந்து வச்சிடுது, மூக்குல சும்மா இருந்த நியூமோகாக்கஸ் அந்த வழியா நுரையீரலுக்குள்ள இறங்கிடுது. தென்னாப்பிரிக்காவுல ஊசி போட்ட குழந்தைங்களையும் போடாத குழந்தைங்களையும் வச்சு பார்த்தப்போ, வைரஸ் கூட சேர்ந்து வர்ற நிமோனியாவுக்காக அட்மிட் ஆகுறதே 31 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு, 2004ல வந்த முடிவு அது. பாக்டீரியாவுக்கு போட்ட ஊசி வைரஸ் கேஸையும் கொறைக்குதுன்னா ரெண்டும் கூட்டாளிங்கன்னுதானே அர்த்தம்.

அமெரிக்காவுல 2000ல இருந்து குழந்தைங்களுக்கு இந்த ஊசி போடுறாங்க. ஊசி வர்றதுக்கு முந்தின 1997-99 கணக்கையும் 2007-09 கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, ரெண்டு வயசுக்கு கீழ நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில சேருறது 43 சதவீதம் கொறஞ்சிருக்கு, அதாவது வருஷத்துக்கு சுமார் 47,000 அட்மிஷன் இல்லாம போச்சு. சரி, அது எதிர்பார்த்ததுதான். நான் அசந்து போனது வேற விஷயத்துக்கு. 85 வயசைத் தாண்டுன கெழவன் கெழவிங்களுக்கு இந்த குழந்தைங்க ஊசியை யாரும் போடல, ஆனா அவங்க அட்மிஷன் வருஷத்துக்கு 73,000 கொறஞ்சிருக்கு, குழந்தைங்களோடத விட ஜாஸ்தி! எல்லா வயசும் சேர்த்தா வருஷத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். ஏன்னா பேரன் மூக்குல அந்தக் கிருமி தங்கலன்னா, முத்தம் குடுக்குற பாட்டிக்கும் அது போறதில்ல. நம்ம வீடுகள்ல பாட்டி மடியிலதான் புள்ள தூங்குது, அதனால இது நமக்கு இன்னும் பொருந்தும்னு நெனைக்குறேன்.

அமெரிக்கா கதை எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு, ஆப்பிரிக்காவுல காம்பியான்னு ஒரு சின்ன நாடு, அங்க கிராமத்துக் குழந்தைங்க 17,000 பேருக்கு மேல சேர்த்து சோதனை பண்ணாங்க, எக்ஸ்ரேல தெரியுற நிமோனியா 37 சதவீதம் கொறஞ்சுது, உயிரிழப்பும் 16 சதவீதம் கொறஞ்சுது. அதுவும் நம்மள மாதிரி அடுப்புப் புகையும் நெருக்கமான வீடும் இருக்குற ஊருங்கதான்.

பயம் என்னன்னும் தெரியும். ஒன்றரை மாசக் கொழந்தைக்கு ஒரே நாள்ல ரெண்டு தொடையிலயும் ஊசி, கையில ஒண்ணு, வாயில சொட்டு மருந்து வேற, பார்க்குற நமக்கே கண்ணு கலங்கும். ஒரே நாள்ல போடுறது தப்பில்ல, ஒண்ணு ரெண்டு நாள் லேசா காய்ச்சல் இருக்கலாம், ஊசி போட்ட எடம் வீங்கலாம், நர்ஸம்மா சொல்ற அளவு பாராசிட்டமால் குடுத்தா சரியாயிடும். இதுக்கு பயந்து பிசிவியோட மூணாவது ஊசியை, அந்த ஒன்பதாம் மாச ஊசியை விட்டவங்க நம்ம ஸ்கூல் வீடுகள்லயே இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், ஆனா எனக்குத் தெரியும்!

ஊசி போட்டுட்டோம்னு அசால்ட்டாவும் இருந்துடாதீங்க. இந்தக் கிருமியில நூறு வகை இருக்கு, ஊசியில இருக்குறது அதுல அடிக்கடி தாக்குற வகைங்க மட்டும்தான். அதனால கைக்குழந்தை மூச்சை எண்ணக் கத்துக்கங்க, புள்ள அழாம அமைதியா இருக்குறப்போ சட்டையைத் தூக்கிட்டு செல்போன்ல ஒரு நிமிஷம் வச்சு எண்ணுங்க. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50ஐ தொட்டாலோ தாண்டுனாலோ, ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40ஐ தொட்டாலோ தாண்டுனாலோ, மூச்சு இழுக்குறப்போ விலாவுக்கு கீழ குழி விழுந்தாலோ, பால் குடிக்கலன்னாலோ, தைலம் தேய்ச்சு உரை மருந்து குடுத்து ராத்திரி பூரா பார்க்குறேன்னு உக்காந்திருக்காம உடனே தூக்கிட்டு ஓடுங்க. ரெண்டு மாசம் ஆகாத புள்ளன்னா எண்ணிட்டே இருக்க வேணாம், சந்தேகம்னாலே போயிடுங்க. அப்புறம் அப்பாக்களுக்கு, பீடி சிகரெட் வீட்டுக்கு வெளியில. இதை நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்கு வர்றப்போ சின்னப் புள்ளையோட தடுப்பூசி கார்டை எடுத்துட்டு வாங்க, கிழிஞ்சிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் பரவால்ல, பிசிவி கட்டம் நிரம்பிருக்கான்னு நானும் சத்துணவு அக்காவும் பார்த்துச் சொல்றோம். விட்டுப் போயிருந்தா புதன்கிழமை அங்கன்வாடிக்கு நர்ஸம்மா வருவாங்க, அவங்ககிட்ட போங்க. முதல் ஊசியை ஒரு வயசுக்குள்ள போட்டிருந்தா மிச்சத்தை அப்புறமும் முடிச்சுக்கலாம், அதனால பதினோரு மாசப் புள்ள வச்சிருக்குறவங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்தப் புதனே போயிடுங்க.

அந்த நாலாம் கிளாஸ் பொண்ணு திரும்ப வந்துட்டா, தம்பியும் நல்லா இருக்கான். வகுத்தல் கணக்கு மட்டும் பாக்கி, சாயங்காலம் அரை மணி நேரம் நிறுத்தி சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
உங்க ஹெச்எம் டீச்சர்