கோஜாவை ‘துணிச்சல்காரி’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு,

இத்தாலியின் பனிச்சறுக்கு வீராங்கனை சோபியா கோஜா என்றாலே ‘துணிச்சல்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அவருடைய பந்தயங்களின் நுணுக்கத்தையும் கொஞ்சம் சொல்லலாமே.

மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில்லில், பந்தயத்துக்கு முன் அதே தடத்தில் பயிற்சி ஓட்டம் உண்டு. திருப்பங்கள் கூடுதலான சூப்பர்-ஜி பந்தயத்தில் அது கிடையாது, காலையில் மெதுவாக இறங்கி, கேட்டுகளை (தடத்தைக் காட்டும் கம்பங்களை) மனப்பாடம் செய்துகொள்வதோடு சரி. ஒரு கேட்டில் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால், அடுத்ததில் சறுக்குப் பலகையின் கூர்விளிம்பு பனியைப் பிடிக்காது. 2022 ஜனவரி 23-இல் கோர்ட்டினாவில் அவர் விழுந்தது சூப்பர்-ஜியில்தான். இடது முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்தது. கால் எலும்பில் சிறு முறிவும்கூட. பிப்ரவரி 15-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கு 0.16 வினாடிதான் குறைவு.

அந்த ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் கேட்டில் மோதி இடது கை எலும்புகள் முறிந்தன. மிலானில் அறுவை சிகிச்சை, மறுநாளே டவுன்ஹில் வெற்றி. கோல்களை ஊன்றி உந்த வேண்டிய தொடக்கத்தில்தான் கைக்குப் பெரிய வேலை; பிறகு பாரம் முழுக்கக் கால்களில். (அதற்காக யாரும் முயல வேண்டாம்!)

2018 பியோங்சாங் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கத்தை 0.09 வினாடியில் வென்றவர், 2018, 2021, 2022, 2023 என நான்கு டவுன்ஹில் உலகக் கோப்பை சீசன் பட்டங்களையும் வைத்திருக்கிறார். அடுத்த முறை காயங்களோடு இதையும் அச்சிடுங்கள்.

— ஒரு வாசகர்