வெள்ளை பூத்த இன்ஜினுக்கு ஆசிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட், கியர்பாக்ஸ், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் என்று அலுமினிய பாகமெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை பூத்திருக்கும். வெள்ளத்தையே பார்க்காத நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டிகளுக்கும் இதே கதிதான். உப்புக்காற்று ஒன்றே போதும். இதைப் போக்க வாட்டர் சர்வீஸில் ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சில நூறு ரூபாயில் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ள வழி இருக்கிறது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் கவசம். உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனையளவுக்குத் துளைத்து உள்ளே இறங்குகிறது. மேலே தெரிவது வெள்ளைப் பொடி, அடியில் இருப்பது குழி. கழிவறை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் பளிச்சென்று ஆகும். ஆனால் குழிக்குள் இன்னும் குளோரைடை விட்டுவிட்டுப் போகும்; கொஞ்ச நாளில் மறுபடி பூத்துவிடும். காஸ்டிக் சோடா அதைவிட மோசம். அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவோடு நுரைக்கும். வார்ப்பில் கலந்திருக்கும் சிலிக்கானும் செம்பும் கரையாமல் மேலே தங்கி, கரி பூசியதுபோல் கறுத்துப்போகும். ‘அலுமினியம் பிரைட்னர்’ என்று விற்பவை சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாது, பிறகு எலும்பு வரை இறங்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியோடு உப்புச் சேர்த்துத் தேய்க்கும் கைவைத்தியத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அந்த உப்புதான் இந்த நோய்க்கே காரணம்.

தேய்க்க ஆரம்பிக்கும் முன் வெள்ளை எங்கே பூத்திருக்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, மாட்டும் கழுத்தில், கிளிப்புக்கு அடியில் மட்டும் கெட்டியாகப் படிந்திருந்தால் அது காற்றால் வந்ததல்ல, கசிவு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் கழுத்தே அரித்திருக்கும். ஹோஸைக் கழற்றிப் பார்க்காமல் மேலே மட்டும் மெருகேற்றினால் நடுவழியில் இன்ஜின் கொதித்து நிற்கும்.

இனி வேலை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய், கனெக்டர்கள் எல்லாவற்றையும் பாலிதீன் பையால் கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக அரை லிட்டர் டர்பன்டைனும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் போதும். திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டத்தில். ரப்பர் ஹோஸில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், ரப்பர் ஊதிவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் அலசுங்கள். இந்தப் பிசுக்குப் போகாவிட்டால் அடுத்து எதுவும் பிடிக்காது. அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 50 கிராம் எடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். பெயரில்தான் உப்பு, இதில் குளோரைடு கிடையாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு கையகல இடமாகத் தடவி, ஐந்து பத்து நிமிடம் காயவிடாமல் ஈரமாகவே வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். இடுக்குக்குப் பழைய பல் துலக்கி. பிடிவாதமான இடத்தில் மறுபடி தடவித் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது: அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடிக்கும், சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காற்றடித்து உலர்த்துங்கள். குழி விழுந்த இடம் சமமாகாது. சாம்பல் நிறத்தில் ஒரே சீராகத் தெரிந்தாலே நல்ல வேலை.

இன்ஜின் பிரிந்து கிடக்கும்போது கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தில் உப்புத்தாளோ ஸ்க்ரப்பரோ போடாதீர்கள். முகத்தின் சமம் கெடும். உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். மணல் பீய்ச்சுவதிலும் இதே ஆபத்துதான்.

பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் அலுமினியத்தில் சாதாரண எனாமல் நிற்காது, தகடு தகடாக உரியும். முதலில் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, டப்பாவில் சொன்ன இடைவெளிக்குப் பிறகு வெப்பம் தாங்கும் சில்வர் ஸ்பிரே மெல்லியதாக இரண்டு பூச்சு. எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்; அங்கே பெயிண்ட் புகுந்தால் ஸ்டார்ட்டர் திணறும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டை அடியிலுள்ள பிரைமர் தாங்காது. பெயிண்டே வேண்டாம் என்பவர்கள் ஆறிய பாகங்களில் கார் மெழுகை மெல்லப் பூசி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் திரும்பப் பூசினால் போதும். என்னைக் கேட்டால், தினமும் ஓடும் வண்டிக்கு மெழுகே மேல். அடியில் மறுபடி அரித்தால் உடனே கண்ணில் படும். பெயிண்ட் அதை மறைத்துவிடும்.

தங்கள் நாளிதழ் வழியாக வாட்டர் சர்வீஸ் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: இன்ஜினுக்கு என்ன திரவம் அடிக்கிறீர்கள் என்பதைக் கடையில் எழுதி வையுங்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒன்று: இன்ஜின் மட்டும் புத்தம்புதுச் சில்வராக மின்னினால், விலை பேசும் முன் ரேடியேட்டர் ஹோஸின் கழுத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
நாகப்பட்டினம்.