இவரும் ஆல்ப்ஸ் மலையும்

அன்புள்ள செல்வி,

நலம். நீயும் அண்ணனும் நலமாகத்தான் இருப்பீர்கள், விசா வந்த செய்தியைத் தேவி போன வாரமே சொல்லிவிட்டாள். இதைக்கூட நான் மூன்றாம் ஆள் சொல்லித்தான் கேட்க வேண்டுமா? சரி, வந்ததும் வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்ஆப்பை விட்டுவிட்டு மின்னஞ்சலில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. என் போனை இவரும் எடுப்பார். விஷயம் இவரைப் பற்றியது.

இங்கே வந்தால் பார்க்க வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இத்தாலிப் பக்கத்து ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோ கணவாயாம்! 2,757 மீட்டர் உயரம், வடக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு. "எழுபது வளைவு கொல்லிமலையே ஏறினவங்க நாம" என்று வேறு எழுதியிருக்கிறாய். நீ ஏறிய லட்சணம் அந்த எலுமிச்சம்பழத்துக்குத்தான் தெரியும்.

செல்வி, இவருக்கு உயரத்தில் வண்டி ஓட்டப் பயம். எனக்கே போன அக்டோபரில்தான் தெரிந்தது. மியூனிக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில், இன்ஸ்ப்ரூக்கைத் தாண்டியதும் ஐரோப்பா பாலம் என்று ஒன்று வரும். கீழே 190 மீட்டர் பள்ளம். பாலத்தில் ஏறியதும் வண்டி நாற்பதுக்கு இறங்கிவிட்டது. பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். என்னங்க ஆச்சு என்றால், "பேசாதே" என்கிறார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. பாலம் முடிந்து ஒரு பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, விமானத்தில் ஜன்னல் சீட் கேட்டு அடம்பிடிக்கிற ஆள் இவர். எங்கள் ஒன்பதாம் மாடி பால்கனியில் எக்கி நின்று கொடி கட்டுவார், எனக்குத்தான் அடிவயிறு கலங்கும். அன்று ராத்திரி மெதுவாகக் கேட்டேன். "விழுந்துடுவேன்னு பயம் இல்லை. நானே ஸ்டீயரிங்கைத் திருப்பிடுவேனோன்னுதான் பயம்" என்றார்.

எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. மறுநாள் இவருக்குத் தெரியாமல் அழுதேன். ஊருக்குத் திரும்பியதும் டாக்டரிடம் போனோம். இந்த எண்ணம் நிறையப் பேருக்கு வருவதுதான், சாக வேண்டும் என்ற ஆசையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குறையும் என்றார். உளவியல் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இந்த ஊரில் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஜூனில் வருவதற்குள் முறை வராது.

அதனால் வழியை நானே போட்டுவிட்டேன். காலேஜில் டூர் கணக்கை யார் பார்த்தது என்று நினைத்துக்கொள், குறுக்கே பேசாதே. அந்த ஐரோப்பா பாலம் இருக்கிற பிரென்னர் பக்கமே வேண்டாம். லிண்டாவ், சூரிச் வழியாக ஸ்விட்சர்லாந்தின் கோத்தார்ட் சுரங்கம். 16.9 கிலோமீட்டர், மலைக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வந்துவிடலாம். எதிரும் புதிரும் ஒரே குழாயில், எண்பதுக்கு மேல் போகக்கூடாது. உனக்கு மூச்சு முட்டும், இவருக்குக் கொண்டாட்டம். கோடையில் சனிக்கிழமை போனால் சுரங்க வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்கும், அதனால் செவ்வாய் அல்லது புதன். ஸ்விஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்கில் சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும், சுரங்கத்துக்குத் தனியாகக் காசு இல்லை.

மறுபக்கம் இறங்கும்போது வில்லங்கம் ஒன்று இருக்கிறது. பியாஸ்கினா என்று ஒரு பாலம், அதுவும் நூறு மீட்டர் உயரம். இதை வரைபடத்தில் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். சுரங்கம் முடிகிற ஐரோலோவிலேயே நெடுஞ்சாலையை விட்டு, ஊர்களுக்குள் போகிற பழைய சாலையைப் பிடித்தால் அந்தப் பாலத்துக்கு அடியில் போய்விடலாம். நேரம் ஆகும், ஆகட்டும். இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். வலது கை ஓரம் பள்ளம் வந்தால் அதை ஒட்டி உட்காருவது நான்தான். லண்டனிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது, ஓட்டுகிறவர்தான் பள்ளத்தின் பக்கம்.

அப்புறம் இத்தாலியில் கொமோ ஏரி. அங்கிருந்து லெக்கோ, கோலிகோ, திரானோ வரை ஏரிக்கரையும் பள்ளத்தாக்கும்தான், உயரமே கிடையாது. திரானோவில் காரைப் போட்டுவிட்டு பெர்னினா ரயிலில் சாங்க்ட் மோரிட்ஸ் என்கிற ஸ்விஸ் மலை ஊர். 2,253 மீட்டர் வரை ஏறும். 1910-இல் முழுப் பாதையும் திறந்த ரயில், ஒரு இடத்தில் பாலத்து மேலேயே ஒரு வட்டம் அடித்து ஏறும். உனக்கு வேண்டிய பனி, போட்டோ எல்லாம் அதில் கிடைக்கும். ஓட்டுவது வேறு ஒருவர் என்றால் இவரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வருவார்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. போன ஞாயிறு வீடியோவில் நீ ஸ்டெல்வியோ என்றதும் "அதுக்கென்ன, போயிடலாம்" என்று மார்தட்டினாரே, அன்றிலிருந்து ராத்திரி யூடியூபில் அந்தச் சாலையைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னால் ரோஷம் வந்து போயே தீருவார். நீதான் பின்வாங்க வேண்டும். மலையில் ஏறினால் எனக்கு வாந்தி வரும் அண்ணா என்று சொல்லிவிடு. பொய்யும் இல்லை.

இன்னொன்று. அண்ணனை ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கச் சொல். எனக்கு இந்த நாட்டு லைசென்ஸ் இன்னும் இல்லை, ஒரு அவசரத்துக்கு ஸ்டீயரிங்கில் உட்கார இன்னொரு ஆள் வேண்டும். வலப்பக்கம் ஓட்டிப் பழக எங்கள் தெருப்பக்கம் இரண்டு நாள் சுற்றட்டும். அவிநாசி ரோட்டில் அவர் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு இப்போது அதுவும் ஒரு கவலை. காரணம் கேட்டால் அண்ணனிடம் மட்டும் சொல். தேவியிடம் மூச்சு விடாதே.

வண்டியின் இன்ஷூரன்சில் அண்ணன் பெயரைச் சேர்க்க லைசென்ஸ் நகல் வேண்டும். இந்த முகவரிக்கே அனுப்பு, இந்த மாதத்துக்குள்.

அன்புடன்,
மாலா