மூன்று வருடத்துக்குப் புது நாடகம் கேட்காதீர்கள்

நாடகக் குழுக்களுக்கு நிதி ஒதுக்கும் அரசுக் குழுக்களிலும் அறக்கட்டளைகளிலும் இருப்பவர்களுக்கு,

வணக்கம். எத்தனை புது நாடகம், எத்தனை காட்சி, எத்தனை பார்வையாளர்கள் என்று கேட்கிறீர்கள். பொதுப்பணம், கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் உடலையே மொழியாக வைத்துக்கொண்ட ஒரு குழு எப்படி வளர்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

ஆதிசக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். (நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் இல்லை, அவர்கள் சொல்லி எழுதவும் இல்லை.) வீணாபாணி சாவ்லா 1981-இல் மும்பையில் தொடங்கிய குழு அது. 1993-இல் புதுச்சேரிக்கு வந்து, பிறகு ஆரோவில் போகும் சாலையில் தங்களுக்கென்று ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள். நடிகர்கள் அங்கேயே தங்கி, கேரளத் தற்காப்புக் கலையான களரி பழகினார்கள். கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்திலிருந்து மூச்சையும் கண்ணையும் படித்தார்கள். கோபத்துக்கு மூச்சு எப்படி ஓடுகிறது, பயத்துக்கு எங்கே நிற்கிறது என்று தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கூடியாட்டத்தில் நடிகருக்குப் பின்னால் இருந்து ஒலிக்கும் மிழாவு என்ற பானை வடிவ மேளம், 'கணபதி' நாடகத்தில் மேடைக்கு முன்னால் வந்தது. நடிகர்களே அதை வாசித்தார்கள், பேச்சு சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைத் தாளம் சொல்லியது. கையில் அந்தத் தாளம் ஏறுவதற்கு ஆகும் காலத்தை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்த நாடகம் 2000-ஐ ஒட்டி வந்தது. அடுத்த பெரிய படைப்பான முயல் ஆமை நாடகம் வர 2007 ஆகிவிட்டது. உங்கள் அளவுகோலில் நடுவில் இருக்கும் வருடங்கள் வெறும் பூஜ்யம். முயல் ஆமையில் நடித்தவர்களில் ஒருவர், நடனம் கற்று வந்த நிம்மி ராஃபேல். அவரே பின்னால் எழுதி இயக்கவும் தொடங்கினார். வீணாபாணி 2014-இல் மறைந்த பிறகும் வினய் குமாரும் மற்றவர்களும் குழுவை நடத்த முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பூஜ்ய வருடங்கள்தான் என்பேன்.

சென்னையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ந. முத்துசாமி முதலியோர் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, வெளி நிதி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரப் பயிற்சி தந்தது. பசுபதியும் கலைராணியும் அங்கே உருவானவர்கள். அந்த உடல்மொழியைச் சினிமா பிறகு ஆசையோடு எடுத்துக்கொண்டது. பயிற்சிக்கு மட்டும் யாரும் செலவு செய்யத் தயாரில்லை, என்ன நியாயமோ!

சரி, கேட்பது இதுதான். மேடையேற்றத்துக்கு என்றில்லாமல் பயிற்சிக்கு என்றே ஒரு நிதி வையுங்கள். மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். நடிகரின் மாதச் சம்பளம், வெளியூர் ஆசான் வந்து தங்கும் செலவு, ஒத்திகை இடத்தின் வாடகை, அடிபட்டால் மருத்துவம் இவையெல்லாம் அதில் அடங்கட்டும். நிதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழோடு அரங்கப் புகைப்படம் கேட்பதற்குப் பதிலாக, வருடத்துக்கு இரண்டு முறை உங்களில் ஒருவர் காலைப் பயிற்சிக்கு வந்து முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். வருபவர் அதிகாரியாக மட்டும் இல்லாமல், களரியோ கூத்தோ தெரிந்த ஒருவராகவும் இருந்தால் நல்லது. முதல் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் என்ன மாறியது என்று அவரே எழுதித் தரட்டும்.

எல்லாக் குழுக்களுக்கும் வேண்டாம். அடுத்த நிதியாண்டில் இரண்டே இரண்டு குழுக்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடகப் பார்வையாளன்