பாத்திரம் செய்த கலைக் கல்லூரி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான வழிகாட்டி மலர்களில் கணினிப் படிப்புகளுக்குப் பக்கம் பக்கமாக இடம். அன்றாடப் பொருள்களுக்கு உருவம் தரும் தொழில்சார் வடிவமைப்புக்கு ஒரு மூலை.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். அரசு அதை ஏற்றபோது இட்ட பெயர் தொழிற்கலைப் பள்ளி. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். பித்தளைக்கும் மண்சட்டிக்கும் பழகிய ஊரில் அது விலைபோனது. 1903இல் அந்தத் தொழிலைத் தனியார் நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. ஓவியமும் பட்டறையும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது!

இன்றும் அங்கே சுடுமண், துணி வடிவமைப்புப் பட்டப்படிப்புகள் உண்டு. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பாலிடெக்னிக்கின் நிலை வேறு. லேத்தில் ஒரு கைப்பிடியை அளவு பிசகாமல் கடைந்துவிடும் மாணவரிடம், அது பிடிக்க வாகாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை, அளவு சரியாக இருந்தால் மதிப்பெண், அவ்வளவுதான்.

தமிழக அரசு, கவின் கலை மாணவர்களைப் பாலிடெக்னிக் பட்டறைகளுக்கு மாலை வேளையிலாவது அனுப்பலாம். அங்குள்ளவர்களுக்கு இவர்கள் வரையக் கற்றுத்தரட்டும். இதற்குப் புதுக் கட்டடம்கூட வேண்டாம்.

ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை