பல்லவிக்கு முன்னே பேசுவது பற்றி: ஒரு பண்பலைத் தொகுப்பாளருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பாட்டின் தொடக்க இசை மீது பேசலாமா, கூடாதா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இன்ட்ரோவை வீணாக்காதே என்கிறார், நேயர்களோ பாட்டைக் கேட்க விடுங்கள் என்று திட்டுகிறார்கள், நான் யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் வருத்தம். வார நாள்களில் பண்பலையிலும், முகூர்த்த நாள்களில் திருமண வரவேற்புகளில் டி.ஜே.யாகவும் வேலை செய்யும் உங்களுக்கு மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி விழுவதில் வியப்பில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பேசலாம் என்பதே என் பதில். ஆனால் பாடகரின் குரல் வர இன்னும் எத்தனை நொடி என்று கணினித் திரையில் இறங்குமுகமாக ஓடும் நொடிக்கணக்கை நம்பிப் பேசக் கூடாது. அந்தக் கணக்கு நம் பாட்டுக்காகப் பிறந்ததன்று.

அது எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கே.எச்.ஜே. வானொலி நிலையத்தை பில் டிரேக் என்பவர் மாற்றியமைத்தபோது, தொகுப்பாளர்களின் நீண்ட அரட்டையை வெட்டி, பேச வேண்டியதைப் பாட்டின் தொடக்க இசைக்குள்ளேயே முடித்துவிடும் இறுக்கமான முறை அமெரிக்காவெங்கும் பரவ வழி பிறந்தது. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு நொடி அமைதி விழுந்தாலும் நேயர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்ற அச்சமே இதன் அடிப்படை. வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட இசைத்தட்டுகளின் லேபிளிலேயே குரல் எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று அச்சிடும் வழக்கம் வந்தது. பிறகு அதே எண் ஒலிநாடாப் பெட்டிகளின் மேல் ஒட்டப்பட்டது. இன்று அது உங்கள் ஒலிபரப்பு மென்பொருளில் ஓடுகிறது. பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால் பேச்சை முடிப்பவரைத் திறமைசாலி என்றார்கள். அந்த நாட்டுப் பாப் பாடல்களில் தொடக்கம் என்பது பெரும்பாலும் சில நொடி டிரம்ஸும் கிட்டாரும்தான் என்பதால், குரல் வருவதைப் பாட்டின் தொடக்கமாகக் கொண்டதில் அங்கே பெரிய பிழை நேரவில்லை. அங்கும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். இந்த முறையிலேயே பேர் வாங்கிய டாம் டொனஹ்யூ என்ற தொகுப்பாளர், 1967-இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். பண்பலைக்குப் போய், இசைத்தட்டை முதல் ஒலியிலிருந்து முழுதாக ஓடவிடும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்.

நம் பக்கத்தில் வழக்கம் வேறாக இருந்தது. 1957-இல் தொடங்கிய விவித் பாரதியிலும் மற்ற அகில இந்திய வானொலி நிகழ்ச்சிகளிலும் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைப்பாளர் ஆகியவற்றைச் சொல்லி முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதன் பிறகே பாட்டு தொடங்கும். 1993-இல் சில நகரங்களில் வானொலியின் பண்பலை நேரத்தைத் தனியாருக்கு விற்கத் தொடங்கியதும், 2000-களில் தனியார் நிலையங்களே வந்ததும், அமெரிக்க முறை மென்பொருளோடும் பயிற்சியாளர்களோடும் சேர்ந்து இறக்குமதியானது. அதனோடு வந்த கலகலப்பை நான் குறை சொல்லவில்லை. பழைய அறிவிப்புகளில் சில, மின்வாரிய அறிக்கை வாசிப்பதுபோல் இருந்ததும் உண்மை. குறை என்னவென்றால், இறக்குமதியான அளவுகோலை நம் பாட்டின் மேல் வைத்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

நம் திரைப்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால் தொடக்க இசை சுருக்கமாகவே இருக்கும். நீள்தட்டும் கேசட்டும் வந்து அந்த நெருக்கடி தளர்ந்த பிறகு, குறிப்பாக 1976-இல் இளையராஜா வந்த பிறகு, பல்லவிக்கு முந்தைய இசை தனித்த மெட்டும் அடுக்குகளும் கொண்ட ஒரு முழு உறுப்பாக வளர்ந்தது. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளைப் பொறுத்தவரை எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் வரும் இடத்தில்தான் பாட்டு தொடங்குகிறது. நேயரைப் பொறுத்தவரை கிட்டார் கம்பி மீட்டப்பட்டதுமே தொடங்கிவிட்டது. அந்தக் கிட்டாரின் மேல் நீங்கள் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினால், காலியிடத்தில் பேசியதாக உங்கள் திரை காட்டும்; பாட்டின் நடுவே பேசியதாக நேயருக்குப் படும். நேயர் சொல்வதே சரி.

இதற்கு நேர்மாறான சிக்கல் பழைய பாட்டுகளில் உண்டு. தாளம் இல்லாமல் பாடகர் விருத்தம்போல் நீட்டிப் பாடும் தொகையறா முதலில் வரும். அதன் பிறகே தபேலா சேர்ந்து பல்லவி எடுக்கும். தாளம் கேட்டதும்தான் பாட்டு என்று பழகிய இளம் தொகுப்பாளர்கள் தொகையறாவின் மேலேயே பேசி, கவிஞரின் முதல் இரண்டு வரிகளை விழுங்கிவிடுகிறார்கள். ஹம்மிங்கோடு தொடங்கும் பாட்டுகளில் நிலையத்துக்கு நிலையம் குழப்பம்: ஹம்மிங்கைக் குரலாகக் கணக்கிடுவதா, இசையாகக் கணக்கிடுவதா என்று நிலையத்தின் பாட்டு நூலகத்தில் குறியிடுபவர் தம் மனம்போல் முடிவு செய்திருப்பார். ஜானகி அம்மாவின் ஆலாபனையை இசைக் கணக்கில் சேர்த்தவரை என்ன சொல்வது!

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வேலை ஒன்றே. நீங்கள் அடிக்கடி ஒலிபரப்பும் பாட்டுகளுக்கு நீங்களே குறியிடுங்கள். குரல் வரும் நொடியை விட்டுவிட்டு, பாட்டை அடையாளம் காட்டும் முதல் சொற்றொடர், அது குழலோ வயலினோ சிந்தசைசரோ, எங்கே நுழைகிறதோ அங்கே குறி வையுங்கள். அதற்கு முன்னால் வெறும் தாளமோ ஒரே சுருதியின் நீட்சியோ இருந்தால் அந்த இடம் தாராளமாக உங்களுடையது. அப்படி இடமே இல்லாத பாட்டென்றால், முந்தைய பாட்டின் முடிவிலோ நிலையத்தின் பின்னணி இசை மீதோ பேசிவிட்டு, பாட்டைத் தனியே விடுங்கள்.

இதற்கு ஒலியியல் காரணமும் உண்டு. மனிதப் பேச்சில் சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியில் இருக்கின்றன. வயலினும் குழலும் நாதஸ்வரமும் அதே பகுதியில் செழித்து ஒலிப்பதால், அவற்றின் மேல் பேசும்போது பேச்சும் தெளியாது, இசையும் தெளியாது. பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கமும் அதற்குக் கீழே தங்கிவிடுவதால் அவற்றின் மேல் குரல் சுத்தமாக நிற்கும். மிக்சரில் குரல் வந்ததும் இசையைத் தானாகத் தாழ்த்தும் வசதி இருக்கிறதே என்பீர்கள். தாழ்ந்த இசை பழைய அளவுக்கு மீளும் நேரத்தைக் குறைத்து வைத்திருந்தால் நீங்கள் மூச்செடுக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் இசை எகிறிக் குதிக்கும்; போதாக்குறைக்கு, ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் வழியில் உள்ள, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரும் அந்த இடைவெளிகளை மேலும் தூக்கிவிடும். உங்கள் ஹெட்போனில் இதமாகக் கேட்பது வீட்டு ரேடியோவில் இரைச்சலாக வருவதற்குக் காரணம் இதுதான். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் இறக்கிப் பேசிப் பழகுங்கள். வாரம் ஒரு முறையாவது உங்கள் நிகழ்ச்சியைச் சாதாரண ரேடியோவில் பதிவு செய்து கேளுங்கள்.

தமிழில் பேசுகிறவருக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத் தொகுப்பாளர் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுவதால், பாடகரின் குரல் வால்பகுதியை விழுங்கினாலும் அவருக்கு நட்டமில்லை. நாம் ‘நாளை மாலை கடற்கரையில் நடக்கவிருந்த நிகழ்ச்சி’ என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது பல்லவி வந்து விழுந்தால், அது நடக்குமா நடக்காதா என்பதே தெரியாமல் போய்விடும். அமெரிக்கத் தொகுப்பாளர் கடைசி நொடி வரை பேசுவதைப் பார்த்து நாமும் அதையே பழகுவது இதனால்தான் ஆபத்தாகிறது. தொடக்க இசை மீது பேசும் வாக்கியம் ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. குறிக்கு இரண்டு நொடி முன்னதாகவே வினை முடிந்துவிட வேண்டும்.

பாட்டின் மேல் பேசுவதே பாவம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜமைக்காவில் யூ-ராய் போன்றவர்கள் இசைத்தட்டின் மேல் தாளத்தோடு பேசியே ஒரு கலையை உருவாக்கினார்கள். 1970-இல் அவருடைய தட்டுகள் அந்த நாட்டுத் தரவரிசையின் உச்சிக்குப் போயின. ஆனால் அவர்கள் பேசியது பாடகரின் குரலைப் பெரும்பாலும் நீக்கி, பேசுவதற்கென்றே தயாரித்த பதிப்புகளின் மேல்.

மண்டப வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே அளவுகோல் இன்னும் எளிது. குத்துப்பாட்டின் முதல் அடி விழுந்ததும் கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு கத்துகிறது. உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வருவது அந்த நான்கு நொடியில்தான். அந்த நேரத்தில் ‘எல்லாரும் கையைத் தூக்குங்க’ என்று நீங்கள் கத்தினால், அவர்கள் தாமாகச் செய்யவிருந்ததை நீங்கள் உத்தரவிட்டதாகிவிடும். மணமக்கள் நுழையும்போது பெயர்களை முதலில் சொல்லுங்கள், பிறகு பாட்டைத் தொடங்குங்கள். பெயரும் பாட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பெண் வீட்டார் பெயர் கேட்கவில்லை என்பார்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் பாட்டு கேட்கவில்லை என்பார்கள், வீடியோ எடுப்பவர் இரண்டையும் சொல்வார்.

உங்கள் பொறுப்பாளரிடம் இதையெல்லாம் கொள்கையாகப் பேசாதீர்கள். விளம்பர நெருக்கடியில் இருப்பவர் காதில் அது ஏறாது. காலை நேரத்தில் அவர் சொல்கிறபடியே செய்யுங்கள், வண்டியில் போகிறவர்களுக்கு அந்த வேகம் தேவைதான். இரவு 9 மணிக்கு மேல் வரும் பழைய பாட்டு நேரத்தை மட்டும் கேளுங்கள். அந்த நேரத்தில் ஒரு வாரம் தொடக்க இசையைத் தொடாமல் ஒலிபரப்பிவிட்டு, வந்த அழைப்புகளை அவரிடமே கொடுங்கள். அனுமதி கிடைத்தால் எந்தப் பாட்டுக்கு எங்கே குறி வைத்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். ஹம்மிங்கில் தொடங்குகிற பாட்டுகளில் நாம் இருவரும் ஒத்துப்போகிறோமா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நேயர்களில் ஒருவன்