பாவ் வண்டிக்காரர் மறுத்த நாட்கள்

பட்டர்வொர்த்,
9.11.2025

அன்புள்ள முத்துவேலு,

நலம். நீயும் மீனாட்சியும் கிள்ளானில் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பேரப் பிள்ளைகள் வீடு நிறைய இருந்ததால் உடனே உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. மீனாட்சிக்கு முழங்கால் வலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் மனைவிதான் முதலில் மகிழ்ந்தாள்.

கடிதத்தின் கடைசியில், ராஜா ஊடா சாலைப் பக்கம் நாம் பள்ளி விட்டு வரும்போது, மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சீனப் பண்டமான பாவ் வாங்கித் தின்ற வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அதோடு, உன் மருமகன் சொன்ன ஒரு செய்தி உன்னை உறுத்துவதையும் எழுதியிருந்தாய். சீனர்கள் பழைய முறையில் பாவ் செய்யும்போது மாவிலேயே பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவார்களாமே, அப்படியென்றால் புரட்டாசி விரதத்தில் இறைச்சி இல்லை என்று நம்பி நாம் தின்ற, இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்த தாவ்சா பாவிலும் அது இருந்திருக்குமோ என்பது உன் கேள்வி. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் நிம்மதியில்லை. அதனால் நேரே போய்க் கேட்டுவிட்டே உனக்கு எழுதுகிறேன்.

வண்டி இருக்கிறது. பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகன் நடத்துகிறார். நாம் பார்த்த காலத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பையனே அவர். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கரி அடுப்பு போய் எரிவாயு வந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய அலுமினிய அடுக்குகளும், மேல் மூடியின் உட்புறம் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியும் அப்படியே இருக்கின்றன. அந்தத் துணி எதற்கு என்று நாம் அன்றைக்குக் கேட்டதேயில்லை. மூடியில் படியும் ஆவி நீராகி, பாவின் மேல் சொட்டினால் அந்த இடம் மட்டும் மஞ்சள் பூத்துச் சுருங்கிவிடுமாம். அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளவே துணி.

நான் போனபோது காலை ஆறரை மணி. அவர் மூடியைத் தூக்கிய முறையை உனக்குச் சொல்ல வேண்டும். சட்டென்று திறக்கவில்லை. ஒரு பக்கமாக விரல் கடை அளவுக்கு உயர்த்தி, ஆவி ஓர் ஓரமாக வெளியேறும்வரை அப்படியே பிடித்திருந்து, பிறகுதான் முழுவதும் எடுத்தார். வெந்த சூட்டில் உப்பி நிற்கும் மாவின் மேல் குளிர்ந்த காற்று ஒரேயடியாகப் பட்டால் அது அமுங்கிவிடும் என்றார். உள்ளே இரண்டு வகை பாவ் இருந்தன. இறைச்சி வைத்தவை உச்சியில் கொசுவம் பிடித்து மூடப்பட்டிருந்தன. தாவ்சா பாவ் மூடிய வாயைக் கீழே வைத்துக் கவிழ்த்ததால் மேலே மொழுமொழுவென்று, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியோடு இருந்தது. அந்தப் புள்ளியைத் தேடித்தானே நீ அடுக்குக்குள் எட்டிப் பார்ப்பாய்! நான் ஒன்று வாங்கி, அடியில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து, நாம் செய்வதுபோலவே மேல்தோலை மெல்லியதாகப் பிய்த்து முதலில் தின்றேன். உள்ளே பயற்றை அவித்து, மசித்து, சீனி போட்டு எண்ணெயில் கிண்டிய கரிய பூரணம். உன் அம்மா செய்யும் கொழுக்கட்டைப் பூரணத்தைவிடச் சற்று இறுக்கம். அன்றைக்கு இருபது காசு, இப்போது இரண்டு வெள்ளி. அந்த விலைக்கு அது எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து. கடைகளில் உறைய வைத்து விற்பதை வாங்கி வீட்டில் சூடாக்கிப் பார்த்திருக்கிறேன். தோல் ரப்பர்போல இழுபடுகிறது.

கூட்டம் குறைந்ததும் உன் கேள்வியைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அப்பா காலத்தில் மாவில் பன்றிக் கொழுப்புதான், அது சேர்ந்தால்தான் பாவ் வெள்ளையாகவும் பஞ்சாகவும் வரும் என்று அவர் நம்பினார், தாவ்சா கிண்டுவதற்கும் அதே கொழுப்புதான் என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஆனால் அவர் உடனே, நீங்கள் எந்த நாளில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நிதானமாகப் படி. சீனர்களில் பலர் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பார்கள். ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் ஒன்பது பேரரசர் விழா. தாவ் பூ கோங் கோயிலில் வெள்ளை உடையில் வரிசை வரிசையாக நிற்பார்களே, சாலை நெடுகிலும் கடைகளில் மஞ்சள் துணி கட்டி அதில் சிவப்பில் சைவம் என்று சீனத்தில் எழுதியிருப்பார்களே, அந்த நாட்கள். அப்போது இறைச்சியோடு பூண்டும் வெங்காயமும்கூட ஆகாது. பெரியவர் அந்த நாட்களுக்கென்று தனி அடுக்குகள் வைத்திருந்தார். மாவையும் தாவ்சாவையும் கடலை எண்ணெயில் செய்தார். மற்ற நாட்களில் கொழுப்புதான்.

இப்போது நினைத்துப் பார். புரட்டாசியில் எத்தனை மாலைகளில் அவர் நம்மைக் கண்டதும் கையை ஆட்டி, “இனி ஹாரி தா போலே, எசோக், எசோக்”, இன்றைக்கு ஆகாது, நாளைக்கு, நாளைக்கு என்று மலாயில் சொல்லித் துரத்தியிருக்கிறார்! அடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் வாங்கித் தின்றுகொண்டிருப்பார்கள், நமக்கு மட்டும் இல்லை என்பார். நெற்றியில் நாமத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறான் என்று நீ எவ்வளவு கோபப்பட்டாய்! ஒரு வாரம் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனோம். நாமத்தைப் பார்த்துத்தான் செய்தார், முத்துவேலு. அதில் நீ தவறவில்லை. உன் அம்மா ஒரு நாள் அவரிடம் வந்து, இந்த மாதம் பையன்களுக்கு விரதம், இறைச்சி எதுவும் கொடுத்துவிடாதே என்று சந்தையில் பேசும் கொச்சை மலாயான பாசார் மலாயில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாவில் இருப்பதை நம்மிடம் விளக்க அவருக்கும் மொழி போதவில்லை, நமக்கும் அதைக் கேட்கும் வயதில்லை. அதனால் கொழுப்பு சேர்த்த நாட்களில் இல்லை என்றார், சைவ நாட்களில் கொடுத்தார். நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட பையனின் கதையை அவர் கடைசிக் காலம்வரை வீட்டில் சொல்வாராம். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ என்பாராம்.

எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. அவருக்கு நாம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. நீ அவரைத் திட்டியது அவருக்குப் புரிந்திருக்குமோ என்ற எண்ணம் இரண்டு நாட்களாக என்னை விட்டு அகலவில்லை. மகனிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இன்னொரு பாவைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். தாம் பொறுப்பேற்றதிலிருந்து எல்லா நாளும் தாவர எண்ணெய்தான் பயன்படுத்துவதாகவும், ஆனாலும் இறைச்சிப் பாவும் அதே அடுப்பில் வேகிறது என்பதைக் கேட்பவர்களிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். தனி அடுக்குகள் விழாவுக்கு மட்டும் இறங்குகின்றன.

இந்த ஆண்டு சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் விழா தள்ளிப்போய் அக்டோபர் 21-இல்தான் தொடங்கியது. நமக்கு அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. 2024-இல் அந்த விழாவும் நவராத்திரியும் ஒரே நாளில், அக்டோபர் 3-இல் தொடங்கின. அடுத்த ஆண்டு கணக்கைப் பார்த்துவிட்டேன். விழாவின் முதல் நாள் அக்டோபர் 10. அது புரட்டாசி நான்காம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே கோலாலம்பூரிலிருந்து மின்ரயில் ஏறி வந்துவிடு. நிலையத்துக்கு நான் வருகிறேன். மீனாட்சியையும் அழைத்து வா. காலை ஆறரைக்கு நாமத்தோடு வந்து நில். உன்னைப் பார்க்க வேண்டும் என்று பெரியவரின் மகன் இரண்டு முறை சொன்னார்.

உன் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனது உனக்கு முன்பே தெரியுமா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சுப்பையா